தத்துப் போன பிள்ளைகளும் நாடுகளின் சண்டையும்: சேலத்துப் பதிவேட்டில் ஒரு பக்கம்

பனியன்கம்பெனிக்காரன் (திருப்பூர்)

வணக்கங்க. பொது அரட்டைப் பகுதியில் போடுகிறேன், இடம் தப்பென்றால் நடத்துநர் நகர்த்திவிடுங்கள்.

நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆறு வருசமாக எங்களுக்கு ஒரு டச்சு பையர் உண்டு. அவர்கள் பக்கமிருந்து ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற அம்மணிக்கு நாற்பதைத் தாண்டிய வயது, நிறமும் முகமும் அச்சு அசல் நம்மூர், ஒரு வார்த்தை தமிழ் வராது. முதல் தடவை வந்தபோது செக்கிங் டேபிளில் இருந்த அக்கா ஒருவர் "ஏனுங் அம்மணி, எந்த ஊருங்க?" என்று கேட்டுவிட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே "சேலம்" என்றார். டேபிளே அமைதியாகிவிட்டது.

கைக்குழந்தையாக இருந்தபோது இங்கிருந்து தத்துப் போனவர். போன மாதம் ஷிப்மென்ட் முடிந்ததும் சேலம் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார், போனோம். அவர் இருந்த இல்லம் மூடி ரொம்ப வருசம் ஆகிறது. நாலு இடம் அலைந்து பழைய பதிவேட்டைப் பார்த்துவிட்டோம். வரிசை எண், சேர்ந்த தேதி, எடை, கிடைத்த இடம், தாய் பெயர் என்று கட்டம் போட்ட பேரேடு. கிடைத்த இடம்: அரசு மருத்துவமனை வாசல். தாய் பெயர்: தெரியாது. அந்தப் பக்கத்தில் அவருக்கு மேலும் கீழும் பதினோரு குழந்தைகள். பதினொன்றுக்கும் அதே வாசல், அதே 'தெரியாது', அதே நீல மை, எழுத்தின் சாய்வுகூட மாறவில்லை.

அந்த அம்மணி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். "ஒரு லாட்டில் பதினோரு பீஸுக்கும் மெஷர்மென்ட் ஷீட்டில் ஒரே நம்பர் இருந்தால் நான் என்ன செய்வேன், உனக்குத் தெரியுமே. யாரும் டேப்பையே எடுக்கவில்லை என்று அர்த்தம்."

திரும்பும்போது சங்ககிரி பக்கம் டீக்கு நிறுத்தினோம். நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தப்போகிறது, தனக்கு நிம்மதி என்றார். அப்படியென்றால் இங்கே அநாதையாகக் கிடக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கதவு அடைபடுகிறதே என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, "உங்கள் நாட்டில் எனக்காக யாராவது சண்டை போட்டார்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகளை வைத்து நாடுகள் சண்டை போடுவதெல்லாம் யாருக்காக?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

யாருக்காகவோ இருக்கட்டும், நிறுத்தினால் சரி. வெள்ளைக்காரன் வந்து டாலரைக் காட்டினால் நம் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பதா? ரஷ்யாக்காரனைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு ரஷ்யப் பிள்ளை செத்தது, உடனே தடை போட்டான். ரோசம் என்றால் அது.

கோர்ட்டு வேப்பமரம் (கோவை, வக்கீல்)

மஞ்சள்மண்டி அண்ணா, அந்த 'உடனே'தான் இடிக்கிறது. ரஷ்யாவிலிருந்து தத்துப் போன ஒரு ஆண் குழந்தை வர்ஜீனியாவில் வெயிலில் பூட்டிய காருக்குள் விடப்பட்டு இறந்தது 2008 ஜூலையில். வளர்ப்புத் தந்தையைக் கோர்ட்டு விடுதலை செய்ததும் அதே வருசம். ரஷ்யாவில் கொதித்தார்கள், ஆனால் தடை வரவில்லை. 2010-ல் டென்னசியில் ஒரு பெண்மணி, தத்தெடுத்த ஏழு வயதுப் பையனைக் கையில் ஒரு கடிதத்தோடு தனியாக விமானம் ஏற்றி மாஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பினார். வாங்கிய சட்டை பிடிக்கவில்லை என்று கடைக்குத் திருப்புவது மாதிரி. அப்போதும் தடை இல்லை. இரண்டு நாடும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள், அது 2012 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

அடுத்த மாதம் என்ன நடந்தது? ரஷ்ய அதிகாரிகளுக்கு விசா, சொத்துத் தடை போடும் மாக்னிட்ஸ்கி சட்டம் என்கிற அமெரிக்கச் சட்டத்தில் ஒபாமா 2012 டிசம்பர் 14 அன்று கையெழுத்துப் போட்டார். டிசம்பர் 28 அன்று புதின் தத்துத் தடைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். காருக்குள் இறந்த குழந்தையின் பெயரால் அதை அழைத்தார்கள். நாலரை வருசமாக எங்கே இருந்தது அந்த ரோசம்?

அப்போது 259 பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெற்றோரைப் பொருத்தி வேலை நடந்துகொண்டிருந்தது. சில பிள்ளைகள் அவர்களைப் பார்த்து, பழகி, போட்டோ வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள். அது அப்படியே அறுந்துபோனது. அந்தத் தடை மனித உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. சொல்லி என்ன, அதற்குள் அந்தப் பிள்ளைகளுக்கு நாலு வயது கூடிவிட்டது.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

சரி வக்கீலே, தேதி கணக்கில் நீங்கள் கெட்டிதான். ஆனால் நம்மூரில் நடந்தது திருட்டா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

கோர்ட்டு வேப்பமரம் (கோவை, வக்கீல்)

திருட்டும் நடந்தது. சென்னையில் ஒரு இல்லம் கடத்தப்பட்ட பிள்ளைகளுக்கு, பெற்றவளே விட்டுக்கொடுத்த மாதிரி 'ஒப்படைப்புப் பத்திரம்' தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பியது 2005-ல் வெளியே வந்தது. 1999-ல் புளியந்தோப்பில் வீட்டு வாசலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை காணாமல் போனது. நெதர்லாந்தில் வளரும் ஒரு பையன்தான் அது என்று பெற்றோர் நம்பி அங்கேயே போய் வழக்குப் போட்டார்கள். டிஎன்ஏ சோதனைக்கு உத்தரவிட அந்த ஊர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நம் அரசாங்கம் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்ததாக நீங்கள் எங்காவது படித்தீர்களா? நான் படிக்கவில்லை.

ஆனால் எல்லாமே திருட்டு இல்லை. அதுதான் இதில் சிக்கல். பாதி, கையெழுத்து வாங்கியும் வாங்காமலும் அரைகுறையாக நடந்தது. 1984-க்கு முன்னால் இதற்கென்று சட்டமே சரியாகக் கிடையாது. இந்துக்களுக்கு 1956 தத்துச் சட்டம் உண்டு, வெளிநாட்டுக்காரருக்கு அது பொருந்தாது. அவர்கள் 1890-ஆம் வருசத்துக் காப்பாளர் சட்டத்தில் இங்கே காப்பாளராக ஆணை வாங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், அவர்கள் ஊரில் தத்தெடுப்பார்கள். லட்சுமிகாந்த் பாண்டே என்கிற வக்கீல் 1982-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே வழக்காக எடுத்து நீதிபதி பகவதி 1984 பிப்ரவரியில் தீர்ப்பெழுதினார். முதலில் இந்தியப் பெற்றோர், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு, பெற்றவளுக்கு மனம் மாற அவகாசம், இந்த விதிகளுக்கெல்லாம் வேர் அதுதான். தத்து விவகாரத்தைப் பார்க்கும் மத்திய அமைப்பான காரா 1990-ல் வந்தது. நாடு விட்டு நாடு தத்துக்கான 1993 ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-ல் ஏற்றது.

பனியன்கம்பெனி தம்பி, உங்கள் அம்மணியின் வயதைப் பார்த்தால் அவர் இந்த விதிகளுக்கு முன்னால் போனவர், அல்லது விதி வந்தும் ஊருக்குள் இறங்காத காலத்தில் போனவர். ஒரே மையில் பதினோரு வாசல் என்பது எனக்கு ஆச்சரியமில்லை. தாய் யாரென்று தெரிந்தால் அவள் கையெழுத்து வேண்டும், அவகாசம் கொடுக்க வேண்டும். 'கண்டெடுத்தது' என்று எழுதிவிட்டால் சோலி சுலபம்.

பவானிக்கரை அக்கா (கோபி)

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். நாங்கள் காரா தளத்தில் பதிந்து நாலாவது வருசம் ஓடுகிறது. வீடு பார்க்க வந்த சமூகப் பணியாளர் சமையல்கட்டு, மாடிப்படி, கடைசியில் தோட்டத்துக் கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். இல்லை என்றதும் குறித்துக்கொண்டார். அடுத்த வாரமே கம்பி வலை போட்டு போட்டோ அனுப்பினோம். இன்றைக்கும் அந்த வலையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும், யாரும் விழுவதற்கில்லாத கிணறு.

அதனால் மஞ்சள்மண்டி அண்ணா, வெளிநாட்டுக்காரன் அள்ளிப்போகிறான் என்பது இன்றைய நிலவரம் இல்லை. 2024-25-ல் நாடு முழுக்க 4,515 தத்து, அதில் 4,155 உள்நாட்டில். கடல் தாண்டிப் போகிறவர்களில் நிறையப் பேர் வளர்ந்த பிள்ளைகள், உடம்புக்கு முடியாத பிள்ளைகள். நம்மில் எத்தனை பேர் அந்தப் பெட்டியில் டிக் போட்டோம்? நாங்கள் போடவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சிட்னி மாமன் (காங்கேயம்)

சித்தே குறுக்கே வருகிறேன். என் தங்கச்சி சிட்னியில் இருக்கிறாள், குழந்தை இல்லை. எங்கள் பங்காளி வீட்டில் நாலாவது பிறக்கப்போகிறது, கொடுக்கிறேன் என்கிறார்கள். தாராபுரம் சப் ரெஜிஸ்ட்ராரிடம் தத்துப் பத்திரம் எழுதிக் கூட்டிப்போய்விடலாமா?

கோர்ட்டு வேப்பமரம் (கோவை, வக்கீல்)

பத்திரம் செல்லும். விசா வராது. காரா கொடுக்கும் தடையில்லாச் சான்று வேண்டும், அதற்கு ஆஸ்திரேலியா பக்கத்து அனுமதிக் கடிதம் முதலில் வேண்டும். இரண்டும் இல்லாமல் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளையை இங்கே ஆத்தாவிடம் விட்டுவிட்டு அங்கே காத்திருப்பவர்களை எனக்கே தெரியும். பிறப்பதற்கு முன்னால் எழுதுவதெல்லாம் கூடவே கூடாது. தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

பிராங்பர்ட் பொள்ளாச்சி

பனியன்கம்பெனி கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தியா சண்டை போட்டது உண்டு. நான் இங்கே பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

2011-ல் நார்வேயில் கொல்கத்தா பக்கத்துத் தம்பதியின் இரண்டு பிள்ளைகளை அங்குள்ள குழந்தைகள் நலத் துறை எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டினார்கள், கூடப் படுக்க வைத்தார்கள் என்றெல்லாம் செய்தி வந்து நம் ஊரே கொதித்தது. வெளியுறவு அமைச்சர் கிருஷ்ணா நார்வே அமைச்சரிடம் பேசினார், தூதர் அனுப்பினார்கள், 2012 ஏப்ரலில் பிள்ளைகள் சித்தப்பா பொறுப்பில் இந்தியா வந்தார்கள். 2021 செப்டம்பரில் பெர்லினில் ஏழு மாத குஜராத்திக் குழந்தையை இளையோர் நல அலுவலகம் எடுத்தது. 2023-ல் 19 கட்சிகளைச் சேர்ந்த 59 எம்பிக்கள் ஜெர்மன் தூதருக்குக் கடிதம் எழுதினார்கள். பாஜகவும் காங்கிரசும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது லேசில் நடக்கிற காரியமா? ஜெர்மன் அமைச்சர் டெல்லி வந்தபோது ஜெய்சங்கர் பத்திரிகைக்காரர் முன்னாலேயே அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னார்.

இவை தத்து வழக்கு இல்லை, வளர்ப்புக் குடும்பத்தில் விடுவது பற்றியவை. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். இந்தப் பெற்றோரிடம் பாஸ்போர்ட் இருந்தது, படிப்பு இருந்தது, டிவியில் உட்கார்ந்து ஆங்கிலத்திலும் இந்தியிலும் அழ முடிந்தது. சேலத்து அம்மணியைப் பெற்றவள் தறிக்குப் போனவளோ களை வெட்டப் போனவளோ தெரியாது. அவள் எந்த மைக்கின் முன்னால் போய் அழுதிருப்பாள்? அவள் பேரேட்டில் 'தெரியாது' என்கிற ஒரு சொல்லாகத்தான் இருக்கிறாள். இல்லாத ஒருத்திக்காக எந்த நாடு வழக்காடும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இங்கே சிலர் சங்கடப்படலாம். அந்த பெர்லின் குழந்தை விஷயத்தில் 'அது குஜராத்தி பேசாமல் வளருகிறது, சமணக் குழந்தை அசைவம் சாப்பிடுகிறது' என்பதுதான் நம் ஊர்ப் பேச்சில் பெரிதாக ஓடியது. குழந்தையைவிடக் கொடி பெரிதாகிவிடுகிறது.

நூலகத்துப் பூனை (நாமக்கல்)

பிராங்பர்ட் சொன்னதோடு ஒட்டி வேறு ஊர்க் கதைகள்.

2007-ல் ஒரு பிரெஞ்சுத் தொண்டுக் குழு சாட் நாட்டிலிருந்து 103 பிள்ளைகளை, பக்கத்து சூடானில் சண்டை நடந்த டார்பூர் பகுதியின் பெயரால் 'டார்பூர் அநாதைகள்' என்று விமானம் ஏற்றப் பார்த்தது. விசாரித்தால் பெரும்பாலோர் சாட் நாட்டுப் பிள்ளைகளே, அப்பா அம்மா உயிரோடு இருந்தார்கள். பிள்ளைகளுக்குக் காயம் பட்ட மாதிரி கட்டுப் போட்டிருந்தார்கள் என்றுகூடச் செய்தி. அப்போதைய பிரெஞ்சு அதிபர் சார்கோசி தானே விமானத்தில் போய் பத்திரிகையாளர்களையும் ஸ்பானிய விமானப் பணிப்பெண்களையும் கூட்டிவந்தார். குழுவில் ஆறு பேருக்கு எட்டு வருசக் கடுங்காவல். பிரான்சில் கழிக்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள், சில மாதத்தில் சாட் அதிபர் மன்னிப்பும் கொடுத்துவிட்டார். பிரான்சின் பழைய குடியேற்ற நாடு, அப்போது அங்கே நின்ற பிரெஞ்சுப் படை, இதெல்லாம் அன்றைய கணக்கில் உண்டு.

ருமேனியா இன்னும் வேடிக்கை. சர்வாதிகாரி செளசெஸ்கு போனபின் அங்கே இருந்த அநாதை இல்லங்களைப் பார்த்து உலகமே ஓடி வந்து தத்தெடுத்தது, பின்னாலேயே தரகரும் வந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் நிறுத்து என்றது ஒரு பக்கம், காத்திருக்கும் எங்கள் பெற்றோருக்காவது கொடு என்று நெருக்கியது அமெரிக்கா. நடுவில் 2001-ல் தற்காலிகத் தடை, 2005 முதல் அநேகமாக முழுத் தடை, 2007-ல் ஒன்றியத்தில் இடம்.

கடைசியாக ரஷ்யா. தன் பிள்ளைகளை அமெரிக்காவுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சட்டம் போட்ட அதே புதின் மேல் 2023 மார்ச்சில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டது, எதற்கு? உக்ரைன் பிள்ளைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுபோனதற்கு. கூடவே ரஷ்யாவின் குழந்தைகள் உரிமை ஆணையர் மேலும். அந்தப் பதவியின் பெயரை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

பூனை, ரஷ்யாவை விடுங்கள், நான் அந்தப் பக்கமே போகவில்லை இனி. ஆனால் நிறுத்தியது தப்பில்லை என்பதில் மாறவில்லை. சீனாவும்தான் நிறுத்திவிட்டது.

நூலகத்துப் பூனை (நாமக்கல்)

ஆமாம், 2024 செப்டம்பரில், ரத்த உறவு தவிர யாருக்கும் இல்லை என்று. 1992-லிருந்து 1,60,000-க்கும் மேல் அனுப்பியவர்கள், பாதி அமெரிக்காவுக்கு. ஒரு குழந்தைச் சட்டத்துக்குப் பயந்து விடப்பட்டவர்கள் அதில் எத்தனையோ. இப்போது அங்கே பிள்ளையே பிறக்கவில்லை, கதவை மூடியாயிற்று. நல்ல மனது வந்து நிறுத்தினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவே 2004-ல் 22,000-க்கு மேல் எடுத்தது, 2023-ல் வெறும் 1,275.

உண்மையில் தன் பக்கத்துப் பேரேட்டைத் திறந்து பார்த்தவர்கள் வேறு சிலர். நெதர்லாந்து 2021-ல் ஒரு குழுவின் அறிக்கையை வாங்கியது. வங்கதேசம், பிரேசில், கொலம்பியா, இந்தோனேசியா, இலங்கை என்று ஐந்து நாடுகளைப் பார்த்தார்கள், முறைகேடு தெரிந்தும் அரசு கண்ணை மூடியிருந்தது என்று எழுதினார்கள். இந்தியா அந்த ஐந்தில் இல்லை. 2024 மே மாதம், படிப்படியாக முழுசாக நிறுத்துகிறோம் என்றார்கள். தென்கொரியாவில் உண்மை ஆணையம் 2025 மார்ச்சில், பெற்றோர் இருந்த பிள்ளைகளையும் அநாதை என்று பதிவு செய்து அனுப்பியதற்கு அரசே பொறுப்பு என்றது. இரண்டு இடத்திலும் சண்டையைத் தொடங்கியது எந்தத் தூதரகமும் இல்லை. தத்துப் போய் வளர்ந்தவர்களே திரும்பி வந்து கேட்டார்கள்.

ஓமலூர் நர்சம்மா (பணி ஓய்வு)

எல்லோரும் பெரிய பெரிய ஊர் பேசுகிறீர்கள், நான் சேலத்திலேயே முப்பது வருசம் கிராம சுகாதார செவிலியாக இருந்தவள். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் இங்கேதான் வந்தது, ஏன் இங்கே என்று உங்களுக்கே தெரியும், மூணாவது பொட்டைப்பிள்ளை என்றால் எருக்கம்பாலும் நெல்மணியும் பேசிய ஊர். சுகாதார நிலையத்தில் தொட்டில் வைத்தோம். போட்டுவிட்டுப் போகிறவளைக் கேள்வி கேட்காதே என்று உத்தரவு. உயிர் பிழைத்ததே, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கேள்வி கேட்காததில் ஒரு வினை உண்டு. மூணு மாசம் கழித்து மார்பு வலியோடு திரும்பி வந்து "எங்கேங்க?" என்று கேட்டவளுக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது ஒப்படைத்தால் அறுபது நாள் அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு யார் சொன்னார்கள் அவளுக்கு?

மஞ்சள்மண்டித் தம்பி, வெள்ளைக்காரன் டாலர் என்கிறீர்கள். 2019-ல் ராசிபுரத்தில் ஆடியோ வெளியாகி மாட்டியது யார்? ஓய்வுபெற்ற ஒரு செவிலி உதவியாளர். நிறத்துக்கு ஒரு விலை, எடைக்கு ஒரு விலை. வாங்கியதும் நம்ம ஆட்கள்தான். அந்த ஆடியோ கேட்ட அன்றைக்கு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை, நான் அந்த வேலையில் இருந்தவள்தானே.

பனியன்கம்பெனி சாமி, நீங்கள் சொல்லும் இல்லத்தில் ஆயாவாக இருந்த ஒரு அம்மா தாரமங்கலம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பது இருக்கும். காது மந்தம், நினைவு நன்றாக இருக்கிறது. எண்ணைத் தனியாக அனுப்புகிறேன், பொதுவில் போடாதீர்கள்.

பனியன்கம்பெனிக்காரன் (திருப்பூர்)

எல்லோருக்கும் நன்றிங்க. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன், நடுவில் ஒரு ஷிப்மென்ட் ஏர் போக வேண்டியதாகி உயிரை வாங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தாரமங்கலம் போனேன். ஆயா திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பேரேடு பற்றிக் கேட்டேன். அதை எழுதியது இல்லத்துக் கணக்கர், ஆபீசர் பார்வைக்கு வருகிறார் என்று சேதி வந்தால் முதல் நாள் ராத்திரி லாந்தர் வைத்துக்கொண்டு உட்கார்ந்து மொத்தமாக எழுதுவார் என்றார். "அப்ப ஆஸ்பத்திரி வாசல்?" என்றேன். "சிலது வாசல்தான். சிலதுக்கு அம்மாக்காரியே தூக்கியாந்து என் கையில குடுத்தா. அவ பேரைச் சொன்னா, ஊரைச் சொன்னா. எனக்கு எழுதத் தெரியாதுங்களே சாமி."

அம்மணியின் குழந்தைக்காலப் போட்டோ போனில் இருந்தது, காட்டினேன். பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது, யாரோ ஒருவருடைய கை பின்னாலிருந்து கழுத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். ஆயா குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தக் கையைத்தான் பார்த்தார். விரலில் இருந்த பித்தளை மோதிரத்தைக் காட்டி, "இது நானுங்க" என்றார். குழந்தை யாரென்று நினைவில்லை. நிறைய பேரைப் பிடித்திருக்கிறேன் என்றார்.

போட்டோவையும், ஆயா இப்போது எப்படி இருக்கிறார் என்று நான் எடுத்த இன்னொரு படத்தையும் ராத்திரியே நெதர்லாந்துக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. புதன்கிழமை வந்தது, ஒரே வரி. அடுத்த ஆர்டர் இன்ஸ்பெக்‌ஷனை ஒரு வாரம் முன்னால் வைத்துக்கொள்ள முடியுமா என்று.

முடியும் என்று எழுதிவிட்டேன். நர்சம்மா, அந்த வாரம் நீங்களும் தாரமங்கலம் வர முடியுங்களா? ஆயா பேசுவது பாதி எனக்கே புரியவில்லை.

ஓமலூர் நர்சம்மா (பணி ஓய்வு)

வருகிறேன் சாமி. வெத்தலை வாங்கிட்டு வாங்க, அது இருந்தால் நன்றாகப் பேசும்.